அப்பாவுக்கு ஊற்றிய ஒயின்

1

அடிலெய்டில் நான் பார்க்கும் வேலையைப் பற்றிச் செங்கல்பட்டில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "பெரிய ஓட்டல்ல மேனேஜரு" என்பது அம்மா சொல்வது. "தண்ணி ஊத்துற வேலையாம்" என்பது எதிர்வீட்டு அம்மாள் சொல்வது. எதிர்வீட்டு அம்மாள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாப்பிட வருகிறவர்கள் என்ன சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்டு, அதற்குப் பொருந்தும் ஒயினைச் சொல்லி, கொண்டுவந்து, திறந்து, முகர்ந்து பார்த்து ஊற்றுவது என் வேலை. முகர்வதுதான் இதில் பாதிக்கு மேல். பாட்டில் கெட்டிருந்தால் நாக்குக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். என் மூக்கை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. கணவருக்குச் சுரங்கத்தில் வேலை; இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். மகள் தாரிணிக்குப் பதினான்கு வயது. அவளுடைய தமிழுக்கு நான்கு வயது இருக்கும்.

ஊரில் ஒயின் ஷாப் என்று பலகை வைத்த கடைகளில் ஒயின் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். அந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்திருக்கப்போகிறார்கள்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரிசையாகக் கிளாஸ்களை வைத்து, எதில் என்ன வாசனை என்று கேட்டார்கள். மற்றவர்கள் பூ, பழம், தேன் என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வெள்ளை ஒயினில் எலுமிச்சைக்கு அடியில் கிருஷ்ணாயில் வாசனை அடித்தது. தயங்கித் தயங்கி மண்ணெண்ணெய் என்று சொன்னேன். சிரித்தார்கள். பயிற்சி கொடுத்தவர் சிரிக்கவில்லை. ரீஸ்லிங் என்ற அந்த ஒயின் பாட்டிலிலேயே வருஷக்கணக்காகக் கிடந்து பழகினால் அந்த வாசனைதான் வரும், அதுதான் அதற்குப் பெருமை என்றார்.

எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை வாசனை. அப்பா ஞாயிறு காலையில் ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டு, கிருஷ்ணாயில் நனைத்த துணியால் ஒவ்வொரு பாகமாகத் துடைப்பார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டில் கை வைத்தாலும் விரல்களில் அந்த வாசனை இருக்கும். அன்றைக்குப் பயிற்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். அப்போது அப்பா உயிரோடு நன்றாகத்தான் இருந்தார்.

2

அப்பா கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் இயந்திரப் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அவர் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. குடியுரிமை மாறிய சமயம். பழைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள், புதியது வரவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போவதை வீடியோவில் பார்த்தேன். நடுவில் அதுவும் நின்று போயிற்று.

அதற்குப் பிறகு அம்மாவை இங்கே அழைத்துவர நான் கெஞ்சாத நாள் இல்லை. அம்மாவிடம் ஒரே பதில்தான்.

"அவர வுட்டுட்டு எப்டிடி வர்றது?"

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள் படையல் போடுவது உண்டு. அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, கற்பூரம் ஏற்றி, வாங்க, சாப்பிடுங்க என்று கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அவர்கள் சோற்றை எடுத்துச் சாப்பிடுவதில்லை, வாசனையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. அம்மா இதைத் தினமும் செய்ய ஆரம்பித்திருந்தாள். கற்பூரம் ஏற்றுவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. "வூட்லயே கீற மனுஷன எதுக்குக் கூப்டணும்?" என்பாள். மத்தியானம் அப்பாவின் தட்டில் பரிமாறிவிட்டுத் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்து உட்காருவாள். பிறகு செருமிக்கொண்டு உள்ளே போய் அதே தட்டில் தானும் சாப்பிடுவாள்.

தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்கு மனம் சரியில்லை என்று எனக்குப் போன் செய்து சொன்னவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் இரண்டாம் வருஷ நினைவு நாளுக்கு நானும் தாரிணியும் ஊருக்குக் கிளம்பும்போது, எப்படியாவது பேசி அவளை அழைத்துக்கொண்டு திரும்புவது என்ற முடிவோடுதான் கிளம்பினேன். பெட்டியில் வேட்டி துண்டுக்கு நடுவில் பழைய ரீஸ்லிங் ஒரு பாட்டில் இருந்தது.

3

போன முதல் நாள் மத்தியானம் நெத்திலிக் குழம்பு. சட்டியைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் போகும் வாசனை. அம்மா அப்பாவின் தட்டில் பரிமாறிவிட்டுத் திரையை இழுத்தாள். நாங்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்தோம். தாரிணி போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஆயா, தாத்தா எப்போ வருவான்?"

"வருவாருன்னு சொல்லு," என்று அதட்டினேன். அம்மா சிரித்தாள். "வுடு. அவரு கோச்சிக்க மாட்டாரு. வந்துட்டாரு, சாப்ட்டுக்கினு கீறாரு."

உள்ளே போனதும் அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "நீதான் மோந்து பாக்கறதுல பெரிய ஆளாச்சே. பாரு."

அவள் மனம் நோகாமல் ஏதாவது சொல்லிவைக்கலாம் என்றுதான் குனிந்தேன். சோற்றில் சூடு அப்படியே இருந்தது. குழம்பில் எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. வாசனை மட்டும் ஏறக்குறைய இல்லை. அடியில் எங்கோ மெலிதாகப் பூண்டு. அவ்வளவுதான்.

எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியை முகர்ந்தேன். நெத்திலி, புளி, வெந்தயம், எல்லாம் மூக்கில் ஏறின. எனக்குத்தான் ஏதோ கோளாறோ என்று காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன். மூக்கு சரியாக இருந்தது. திரும்பி வந்து தட்டில் குனிந்தேன்.

"அந்தப் பூண்டு வாசன கீது பாரு, அது எனக்குன்னு மிச்சம் வெக்கிறது," என்றாள் அம்மா. "மொத்தத்தியும் எட்த்துக்க மாட்டாரு. உப்பு தூவிக்கினா எறங்கிடும்."

உப்புத் தூவிப் பிசைந்து திருப்தியாகச் சாப்பிட்டாள். அவளை அழைத்துப் போவதைப் பற்றிப் பேச எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டை விட்டு அவள் வரமாட்டாள் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

4

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டல் உண்டு. சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் மேஜை போட்டிருப்பார்கள். கல்பாக்கத்தில் இருந்த காலத்தில் மீன் வாங்க என்னை ஸ்கூட்டரில் வைத்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "ரிட்டையர் ஆனதும் ஒருநாள் இங்க உக்காந்து சாப்படணும்" என்பார் அப்பா. ரிட்டையர் ஆனார். வீடு கட்டினார். முழங்கால் வலி வந்தது. உட்காரவில்லை.

அதனால் நினைவு நாள் படையலை அந்த ஓட்டலிலேயே போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றிற்று. அம்மாவுக்கும் அன்று சமைக்கிற வேலை மிச்சம். திருக்கழுக்குன்றம் வழியாக டாக்சியில் போகும்போதே அம்மா முனகிக்கொண்டு வந்தாள்.

"வெளில வெச்சு யாரும் கூப்ட மாட்டாங்கடி. கூப்ட்ற எடத்துக்குத்தான் வருவாங்க. அப்பால அங்கேர்ந்து வூட்டுக்கு வர்ணுமே."

"முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டின ரோடும்மா. அப்பாவுக்கா வழி தெரியாது?"

படித்தவள் பேச்சு என்று அம்மா விட்டுவிட்டாள்.

நாங்கள் கொண்டுபோன பாட்டிலைத் திறக்க மேனேஜர் முதலில் யோசித்தார். பிறகு அதற்கொரு தொகை சொன்னார். மீன் குழம்புக்கு ஏன் இந்த ஒயின் என்று அம்மாவுக்கு விளக்கினேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புளிக்கு ஈடு கொடுக்க ஒயினிலும் புளிப்பு வேண்டும், மிளகாயைத் தணிக்க லேசான தித்திப்பு வேண்டும். இரண்டும் இதில் உண்டு. சிவப்பு ஒயினை மீனோடு குடித்தால் இரும்பாணியைக் கடித்த மாதிரி இருக்கும். அம்மா கேட்டுக்கொண்டே கிளாஸை வாங்கி முகர்ந்தாள்.

"இன்னாடி, கிருஷ்ணாயில் வாசன வருது? உங்கப்பா ஸ்கூட்டர் தொடைக்கிற துணி மாரியே கீது."

அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதற்காகத்தானே அத்தனை தூரம் சுமந்துகொண்டு வந்தேன்.

காலியாக இருந்த நாற்காலியின் முன்னால் இலையைப் போட்டுச் சோறும் வஞ்சிரம் குழம்பும் வைத்தோம். கிளாஸில் ஒயினை ஊற்றினேன். கடல் காற்றில் கற்பூரம் நிற்கவில்லை; ஏற்றியதும் அணைந்துவிட்டது. அம்மா வாய் திறக்காமல் நின்றதால் நானே கூப்பிட்டேன். "அப்பா, வாங்க. சாப்பிடுங்க."

எழுந்து கடலைப் பார்க்க நடந்தோம். உச்சி வெயில். மணலில் எங்களைத் தவிர ஆள் இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா தாரிணியின் தலையைப் பிடித்து முன்னால் திருப்பினாள். பரிமாறுகிறவர் ஓடி வந்தார்.

"இன்னா மேடம், சாப்பாடு நல்லால்லியா? அப்டியே வுட்டுட்டு வந்துட்டீங்கோ."

"வேற ஒருத்தருக்கு வெச்சிருக்கோம்," என்றேன். அவர் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் மேஜைப் பக்கமே வரவில்லை.

திரும்பி வந்து கிளாஸை எடுத்தேன். ஊற்றின அளவு அப்படியே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை இல்லை, கிருஷ்ணாயில் இல்லை. ஒரு வாரம் திறந்து கிடந்த ஒயினில்கூட ஏதாவது ஒரு கெட்ட வாசனையாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. பாட்டிலில் மிச்சம் இருந்ததை வேறொரு கிளாஸில் ஊற்றிப் பார்த்தேன். அதில் எல்லாம் இருந்தது.

"குடிச்சிட்டாரும்மா," என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் விட்டவள் கையால் ஊற்றினதை அவர் குடித்துவிட்டார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அம்மா இலையில் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தாள். வஞ்சிரம் குழம்பின் வாசனை எனக்கே நன்றாக அடித்தது.

"மீனத் தொடவேல்ல," என்றாள் அம்மா. "அத மட்டும் குடிச்சிகீறாரு. சொட்டு மிச்சம் வெக்கல."

5

மறுநாள் மத்தியானம் வீட்டில் முருங்கைக்கீரைச் சாம்பார். திரையை இழுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தோம். உள்ளே போனபோது பெருங்காயம் மணத்தது. அம்மா தட்டைத் தூக்கி முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அப்பாவுக்கு உயிரான சுறாப்புட்டு. திரைக்கு வெளியே அம்மா வெகுநேரம் காத்திருந்தாள். உள்ளே போனதும் தட்டைப் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டாள். வாசனைதான் கூடம் முழுக்க இருந்ததே.

"கற்பூரம் ஏத்திக் கூப்பிட்டுப் பாரேம்மா."

"வருஷத்துக்கு ஒரு வாட்டி கூப்ட்றது. இல்லாங்காட்டி வூட்டப் பூட்டிக்கினு தூரமா போவும்போது கூப்ட்டு சொல்லிக்கிறது. நெனச்ச நேரமெல்லாம் கூப்ட அவரு இன்னா நாய்க்குட்டியா?"

அடிலெய்டுக்குக் கிளம்பும் நாள் அம்மா வாசல் வரை வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் முடிகிற நேரம், வண்டி மாட்டிக்கொள்ளும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். அம்மா என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து கூட்டிக்கினு போ," என்றாள். தாரிணியைச் சொல்கிறாள் என்று தலையாட்டினேன். தாரிணி எனக்கு முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

6

அடிலெய்டில் வேலைக்குத் திரும்பின வாரம், ஜன்னலோர மேஜையில் ஒரு வயதான தம்பதி. வறுத்த மீன் கேட்டார்கள். ரீஸ்லிங் சொன்னேன். திறந்து, முகர்ந்து, ருசி பார்க்க முதலில் கொஞ்சம் ஊற்றினேன். பெரியவர் முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். மரியாதையாகக் கிளாஸை என்னிடம் நீட்டி, இதில் ஒன்றுமே இல்லையே என்றார். வாங்கி மூக்கில் வைத்தேன். கடலோரம் பார்த்த அதே வெறுமை.

இரண்டாவது கிளாஸ் நன்றாக இருந்தது. அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான் ஆயிற்று. எந்த பாட்டில் ரீஸ்லிங்கைத் திறந்தாலும் நான் ஊற்றும் முதல் கிளாஸில் வாசனை இருக்காது. வேறு ஒயினில் இந்தத் தொந்தரவு இல்லை, வேறு ஆள் ஊற்றினாலும் இல்லை. முதலாளி அம்மாள் இத்தாலிக்காரி, நல்லவள். ஐந்து கிளாஸ்களை என் முன்னால் வைத்துச் சோதித்தாள். ஐந்தையும் சரியாகச் சொன்னேன். அப்படியானால் உன் மூக்கில் கோளாறில்லை, உன் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வீட்டில் ஒரு பாட்டிலைத் திறந்தேன். முதல் கிளாஸை முகர்ந்துவிட்டுக் கீழே வைப்பதைத் தாரிணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா குடிச்சிட்டானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய் விளக்கையெல்லாம் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? தனியாகச் சாப்பிடும்போது எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஆனால் அங்கே அம்மா தனியாக இருக்கிறாளே. "அப்பா, அம்மா காத்துகிட்டு இருக்காங்க, போங்கப்பா" என்று நாற்காலியைப் பார்த்துச் சொல்லியும் பார்த்தேன். மறுநாள் கிளாஸிலும் வாசனை இல்லை.

அந்த ஞாயிறு போனில் அம்மாவே கேட்டாள். "அங்கயா கீறாரு?"

"ஆமாம்மா."

பின்னால் ரயில் போகிற ஓசை மட்டும் கேட்டது.

"நல்லா கீறாரா?"

"நல்லா இருக்காரும்மா" என்றேன்.

"அப்ப நானும் வரேன். எனக்கு இன்னா வேல இங்க?"

7

எத்தனை வருஷம் கெஞ்சியும் கிடைக்காத வார்த்தை. அது வந்த விதத்தில் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. விசா விண்ணப்பத்தில், பயணம் முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன காரணம் காட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி. சொந்த வீடு இருக்கிறது என்று அம்மாவுக்காக நான் எழுதினேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சென்னைக்கு ஒருமுறை, கைரேகை வைக்க ஒருமுறை என்று அலைந்தாள். ரேகை தேய்ந்து போயிற்று, மறுபடி வாருங்கள் என்றார்களாம். சலிக்காமல் போனாள். ஒருவழியாக விசா வந்தது.

அவள் கிளம்புகிற நாள். இங்கே மாலை, முதல் மேஜைக்கு ஆள் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே உச்சி வேளை. ரீஸ்லிங்கைத் திறந்து முதல் கிளாஸை ஊற்றினேன். ஊற்றும்போதே எலுமிச்சையும் அதன் அடியில் கிருஷ்ணாயிலும் மேலே எழும்பி வந்தன. நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்மா வருகிறாள் என்ற சந்தோஷத்தில் அவருக்குக் குடிக்கத் தோன்றவில்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா சிங்கப்பூர் வழியாக வந்து இறங்கினாள். குளித்த கையோடு அடுப்படிக்குள் போய்விட்டாள். இங்கே கிடைத்த மீனில் அவள் குழம்பு கூட்டித் தாளித்ததும் கூரையில் இருந்த புகை மணி அலறியது. தாரிணி நாற்காலி மேல் ஏறி அதை நிறுத்தினாள். கூடவே கொண்டுவந்திருந்த அப்பாவின் தட்டில் அம்மா பரிமாறினாள்; பக்கத்தில் நான் ஒயினை ஊற்றி வைத்தேன். மூவரும் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புல்வெளியில் நின்றோம். அம்மா புதுப்புடவை கட்டியிருந்தாள். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

செருமிவிட்டுக் கதவைத் திறந்தாள். குழம்பின் வாசனை வாசலிலேயே எங்கள் முகத்தில் வந்து மோதியது.

அம்மா தட்டில் குனிந்தாள். கிளாஸை எடுத்து முகர்ந்து கீழே வைத்தாள். "இங்கயும் இல்லியேடி," என்றாள்.

எனக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "கெளம்பும்போது அப்பாகிட்ட சொல்லிகிட்டு வந்தியாம்மா?"

"சொல்லாம வருவனா? வூட்டப் பூட்டிக்கினு போவும்போது சொல்லிக்காம போவாங்களா யாராச்சும்? எல போட்டு, கற்பூரம் ஏத்தி, வாங்க சாப்டுங்கன்னு கூப்ட்டு, நானும் அங்கதான் வரேன்னு சொன்னேன்."

"அவரு இங்கதானே இருந்தாரு. கூப்பிட்டியா?"

"கூப்டாம எப்டி சொல்லிக்கிறது?"

"எலைய மோந்து பாத்தியா?"

"டாக்சிக்காரன் ஆரன் அட்ச்சிக்கினே கீறான். எலய எட்த்து மாட்டுக்கு வெச்சுட்டு ஓடியாந்தேன். நேரம் ஏது..."

பாதியில் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தாரிணி ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கவில்லை.

"டிக்கெட்ட மாத்து," என்றாள். "அவர உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்டி."